கப்பல் சத்தம் கேட்டு ஓடும் கொம்புத் திமிங்கிலம்!

வடதுருவக் கடலில் இரும்புக் கம்பெனிக்கும் வேட்டைக்காரர்களுக்கும் வழக்கு

பூமி உருண்டையின் உச்சந்தலையில், கனடா நாட்டின் வடகோடியில், பாண்ட் இன்லெட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது.

ஊரின் ஜனத்தொகை 1,500-க்குக் கொஞ்சம் மேல். மரம் கிடையாது. வயல் கிடையாது. அடுத்த ஊருக்குப் போக ரோடும் கிடையாது. விமானத்தில் போகவேண்டும். இல்லாவிட்டால் பனி உருகும் காலத்தில் கப்பலில் போகவேண்டும்.

வருஷத்தில் ஒன்பது மாதம் அங்கே கடல் கல் போல உறைந்து கிடக்கும். ஜூலை மாதத்தில் பனிக்கட்டி உடையத் தொடங்கும். அப்போது அங்கே இரவே இல்லை. நடு ஜாமத்திலும் சூரியன் தெரியும்.

அந்த நாட்களில் ஊர் ஜனங்களின் கண் கடல் மேலேயே இருக்கும். விருந்தாளிகள் வரும் காலம் அது. ஆயிரக்கணக்கில் வருவார்கள். தாயும் பிள்ளையுமாக வருவார்கள். கோடை முடிந்ததும் திரும்பிப் போவார்கள்.

அந்த விருந்தாளிகள், நார்வால் என்ற திமிங்கிலங்கள்!

சில ஆண்டுகளாக இந்த வருகையில் குழப்பம் ஏற்பட்டிருக்கிறது. முன்பு போல வருவதில்லை, வந்தாலும் தங்குவதில்லை என்கிறார்கள் ஊர் வேட்டைக்காரர்கள். இரும்புத் தாது ஏற்றும் கப்பல்கள்தான் காரணம் என்பது அவர்கள் புகார். கம்பெனி அதை மறுக்கிறது. விவகாரம் கனடா மந்திரி வரை போய்விட்டது.

கொம்பு அல்ல, பல்!

நார்வாலைப் படத்தில் ஒரு முறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். முகத்துக்கு முன்னால் ஈட்டி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாரும் அதைக் கொம்பு என்கிறார்கள். உண்மையில் அது ஒரு பல். மேல் தாடையின் இடது பக்கத்துப் பல், உதட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வளருகிறது. கயிறு திரித்தது போல முறுக்கு முறுக்காக 3 மீட்டர் வரை வளரும். பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் இது உண்டு.

பழைய காலத்து ஐரோப்பாவில், குதிரை போன்ற ஒரு மாய மிருகத்தின் கொம்பு என்று சொல்லி இதை விற்றார்கள். விஷத்தை முறிக்கும் என்று நம்பி ராஜாக்கள் பொன் கொடுத்து வாங்கினார்கள். டென்மார்க் நாட்டு மன்னர்கள் முடிசூட்டிக்கொண்ட சிம்மாசனமே நார்வால் தந்தத்தால் செய்ததுதான்!

நார்வாலின் உடல் நீளம் 4 முதல் 5 மீட்டர். எடை ஒன்றரை டன் வரை இருக்கும். முதுகில் துடுப்பு கிடையாது. அதனால் பனிக்கட்டிக்கு அடியில் உரசாமல் நீந்தமுடியும். இரை தேடி 1,500 மீட்டருக்கும் கீழே முங்கும். அந்த ஆழத்தில் சூரிய வெளிச்சம் எட்டாது. ஒரே கும்மிருட்டு.

இருட்டில் எப்படி மீன் பிடிக்கிறது?

வௌவாலின் வித்தைதான். 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பும். அந்த ஒலி மீன் மேல் பட்டு எதிரொலித்துத் திரும்பும். அதை வைத்து மீன் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளும். இரையை நெருங்க நெருங்க 'டிக் டிக்' சத்தம் வேகமாகி, வண்டு ரீங்காரம் போல ஆகிவிடும். தாயும் குட்டியும் ஒன்றை ஒன்று கண்டுபிடிப்பதும் குரலால்தான். பனிக்கட்டியில் மூச்சு விட இடைவெளி எங்கே இருக்கிறது என்று அறிவதும் எதிரொலியால்தான்.

சுருக்கமாகச் சொன்னால், நார்வாலுக்குக் காதுதான் கண்.

கிணற்றில் முங்கினால்...

கிணற்றில் முங்கிக் குளித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தண்ணீருக்குள் இருக்கும்போது யாராவது தண்ணீருக்கு உள்ளேயே கல்லோடு கல்லைத் தட்டினால், காதுக்குள்ளேயே தட்டுவது போல இருக்கும். எந்தப் பக்கத்தில் இருந்து சத்தம் வருகிறது என்றே புரியாது.

காற்றில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. கடல் நீரில் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது. வேகம் மட்டும் அல்ல, தூரமும் அதிகம். நம் தெருவில் போகும் லாரிச் சத்தம் இரண்டு தெரு தாண்டினால் கேட்காது. கடலுக்கு அடியில் பெரிய கப்பலின் சத்தம் பல கிலோமீட்டருக்குக் கேட்கும்.

கப்பலில் சத்தம் எங்கே இருந்து வருகிறது? இயந்திரத்தில் இருந்து வருவது ஒரு பங்கு. பெரும் பங்கு, பின்னால் சுழலும் விசிறியில் இருந்து வருகிறது. விசிறி வேகமாகச் சுழலும்போது அதன் இதழ்களை ஒட்டி லட்சக்கணக்கான சிறு குமிழிகள் உண்டாகின்றன. உண்டான உடனே படபடவென்று உடைகின்றன. அந்தக் குமிழி வெடிப்புத்தான் கப்பல் இரைச்சல். வேகம் கூடினால் குமிழியும் கூடும். பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும் கப்பல் என்றால் சொல்லவேண்டியதே இல்லை.

மலை முழுவதும் இரும்பு!

பாண்ட் இன்லெட் ஊரில் இருந்து தென்மேற்கே, மேரி நதிப் பகுதியில் ஒரு இரும்பு மலை இருக்கிறது. 1962-ம் ஆண்டில் மர்ரே வாட்ஸ் என்ற சுரங்க ஆராய்ச்சிக்காரர் விமானத்தில் போகும்போது அதைக் கண்டுபிடித்தார். மிகச் சுத்தமான தாது. நூறு பங்கில் சுமார் 65 பங்கு இரும்பு. வெட்டி எடுத்து உடைத்தால் போதும். அப்படியே கப்பலில் ஏற்றிவிடலாம்.

ஆனாலும் ஐம்பது வருஷம் அது சும்மா கிடந்தது. அந்தக் குளிரில் யார் போய் வெட்டுவது, எந்த வழியாகக் கொண்டுவருவது?

கடைசியில் பாஃபின்லாண்ட் என்ற கம்பெனி முன்வந்தது. சுரங்கத்தில் இருந்து மில்ன் இன்லெட் என்ற கடற்கழி வரை சுமார் 100 கிலோமீட்டருக்கு லாரிப் பாதை போட்டது. அங்கே துறைமுகம் கட்டியது. 2015-ம் ஆண்டில் முதல் தாதுக் கப்பல் புறப்பட்டது.

முதலில் ஆண்டுக்கு 42 லட்சம் டன் என்று வரம்பு இருந்தது. 2018-ல் அது 60 லட்சம் டன்னாக உயர்ந்தது. முதல் ஆண்டில் வந்த கப்பல்கள் கொஞ்சம்தான். 2019-ம் ஆண்டில் சுமார் 80 தாதுக் கப்பல்கள் வந்தன.

80 என்றால் பெரிய எண்ணிக்கையா என்று கேட்கத் தோன்றும். கடல் திறந்திருப்பது மூன்று மாதம்தான். ஒரு கப்பல் வரவேண்டும், தாது ஏற்றிக்கொண்டு போகவேண்டும். ஆகவே 160 தடவை. மூன்று மாதத்துக்கு 160 தடவை என்றால் தினமும் ஒன்று அல்லது இரண்டு. அந்தப் பாதையும் அகன்ற சமுத்திரம் அல்ல. இரண்டு பக்கமும் மலை. நடுவே எக்லிப்ஸ் சவுண்ட் என்ற கடல் வாய்க்கால். நார்வால்கள் குட்டிகளை வளர்க்க வரும் இடம் அதுதான்!

பன்னிரண்டாயிரம் எங்கே?

நார்வாலை எப்படி எண்ணுவது? கோடையில் விமானத்தில் பறந்து, படம் எடுத்து, தண்ணீருக்குள் முங்கியிருப்பவற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள்.

2016-ம் ஆண்டில் எக்லிப்ஸ் சவுண்டில் சுமார் 12,000 நார்வால்கள் இருந்தன. 2019-ல் சுமார் 10,000. 2020-ல் சுமார் 5,000. 2021-ல் சுமார் 2,600!

வேட்டைக்காரர்கள் ஏற்கனவே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இந்தக் கணக்கும் சொன்னது.

கம்பெனியின் பதிலையும் கேட்கவேண்டும். நார்வால் சாகவில்லை, இடம் மாறியிருக்கிறது என்றது கம்பெனி. மேற்கே அட்மிரால்டி இன்லெட் என்று இன்னொரு கடற்கழி உண்டு. அங்கே அதே சமயத்தில் நார்வால் கணக்கு ஏறியிருந்தது. இரண்டையும் கூட்டினால் நஷ்டம் இல்லை. பனிக்கட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. நார்வாலைத் தின்னும் கொலைத் திமிங்கிலங்களின் நடமாட்டமும் மாறுகிறது. எல்லாப் பழியையும் கப்பல் மேல் போடலாமா என்று கேட்டது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நார்வால் கணக்கு ஏறி இறங்கக்கூடியது. ஒரு ஆண்டுக் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லமுடியாது. ஆனால் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கொரோனா காரணமாக 2020, 2021-ம் ஆண்டுகளில் உல்லாசப் பயணக் கப்பல்கள் அந்தக் கடலுக்கு வரவில்லை. தாதுக் கப்பல்கள் மட்டும் நிற்கவில்லை.

மேலும், அட்மிரால்டி இன்லெட் எங்கே இருக்கிறது? பாண்ட் இன்லெட் ஊரில் இருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால். மொத்தக் கணக்கு சரியாக இருக்கலாம். நம் வீட்டுக் கிணறு வற்றி, அடுத்த தாலுகா கிணற்றில் தண்ணீர் ஏறினால் நமக்கு என்ன லாபம்?

வேட்டைக்காரர்களா பரிந்து பேசுவது?

வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். திமிங்கிலத்தைக் கொன்று தின்கிறவர்களே அதற்காகக் கண்ணீர் விடுவதா?

இந்த ஜனங்கள் இனுயிட் இனத்தவர்கள். பழைய பாடப் புத்தகங்களில் 'எஸ்கிமோக்கள்' என்று படித்தோமே, அவர்கள்தான். அந்தப் பெயர் அவர்களில் பலருக்குப் பிடிப்பதில்லை. இனுயிட் என்றால் அவர்கள் பாஷையில் 'மக்கள்' என்று பொருள்.

காய்கறி விளையாத நாடு அது. நார்வாலின் தோலையும் அதை ஒட்டிய கொழுப்பையும் பச்சையாகவே சாப்பிடுவார்கள். அதில் 'சி' வைட்டமின் இருக்கிறது. பழைய காலத்தில் அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்கார மாலுமிகள் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து செத்தார்கள். இனுயிட் மக்களுக்கு அந்த நோய் வரவில்லை. இன்றும் கடையில் வாங்கலாம் என்றால், விமானத்தில் வந்து இறங்கும் சாமானுக்கு யானை விலை, குதிரை விலை.

ஆண்டுக்கு இத்தனை நார்வால்தான் என்று வேட்டைக்கு வரம்பு உண்டு. ஒருவர் வேட்டையாடினால் உற்றார் உறவினருக்கும் முதியவர்களுக்கும் பங்கு போகும். பையன்கள் அப்பாவோடும் தாத்தாவோடும் படகில் போய்த்தான் தொழில் கற்றுக்கொள்கிறார்கள். நார்வால் வராவிட்டால் அந்தப் பள்ளிக்கூடமும் மூடிக்கொள்ளும்.

அதே வீட்டில் இன்னொரு பையன் சுரங்கத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். இதுதான் சிக்கல். அந்த வட்டாரத்தில் வேறு பெரிய வேலை கிடையாது.

நார்வாலையே கேட்டார்கள்!

கனடாவில் இந்த வாதம் நடந்தபோது, பக்கத்தில் உள்ள கிரீன்லாந்தில் விஞ்ஞானிகள் நேராக நார்வாலிடமே போய்விட்டார்கள்.

கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் ஸ்கோர்ஸ்பி சவுண்ட் என்ற இடம் உண்டு. கப்பல் அதிகம் போகாத அமைதியான இடம். அங்கே சில நார்வால்களைப் பிடித்து, முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தி விட்டுவிட்டார்கள். அவை எங்கே போகின்றன, எவ்வளவு முங்குகின்றன, எப்போது 'டிக் டிக்' என்கின்றன என்பதெல்லாம் பதிவாகும். பிறகு ஒரு கப்பலை அந்தப் பக்கம் ஓட்டினார்கள். எண்ணெய் தேடுகிறவர்கள் கடலில் வெடிக்கும் காற்றுத் துப்பாக்கியையும் வெடித்துப் பார்த்தார்கள்.

2021-ல் முடிவு வெளியாயிற்று. கப்பல் 12 கிலோமீட்டர் தூரத்தில் வரும்போதே நார்வால் இரை பிடிப்பது பாதியாகக் குறைந்தது. 7, 8 கிலோமீட்டருக்குள் வந்ததும் அடியோடு நின்றது. 40 கிலோமீட்டருக்கு அப்பாலும் மாற்றம் தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் கப்பல் சத்தம் கடலின் சாதாரண இரைச்சலோடு கலந்துவிடுகிறது. நார்வாலின் காது அதையும் பிரித்து அறிந்தது!

இதயம் பற்றியும் ஒரு ஆராய்ச்சி உண்டு. டெர்ரி வில்லியம்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் குழுவினரும் 2017-ல் வெளியிட்டது. நார்வால் மேலே மிதந்து ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 60 தடவை துடிக்கிறது. முங்கும்போது 10 முதல் 20 தடவை. வலையில் இருந்து விடுபட்டு, பயந்து ஓடும்போதோ 3, 4 தடவைதான் துடித்தது!

நாம் பயந்தால் நெஞ்சு படபடக்கும். நார்வாலுக்கு நெஞ்சு நின்றுவிடும் போல ஆகிறது. அப்போதும் உடம்பு முழு வேகத்தில் நீந்துகிறது. மூளைக்கும் தசைக்கும் பிராணவாயு போதுமா என்பது விஞ்ஞானிகளின் கவலை. பிறகு காற்றுத் துப்பாக்கிச் சத்தத்துக்கும் இதயத் துடிப்பு இதே போல வீழ்வதைக் கண்டார்கள்.

கனடாவில், பாண்ட் இன்லெட் வேட்டைக்காரர்கள் கொடுத்த நார்வால் கொழுப்பை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். மனக்கலக்கத்தின்போது ரத்தத்தில் ஊறும் கார்டிசால் என்ற பொருள், பழைய ஆண்டுகளைவிட அண்மை ஆண்டுகளில் கூடியிருந்தது.

கப்பல் நின்றால் என்ன ஆகும்?

அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. வடதுருவத்தில் அல்ல, கனடாவின் தென்கிழக்கில் ஃபண்டி வளைகுடாவில். அங்கே வேறு வகைத் திமிங்கிலங்கள் இருக்கின்றன. 2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந்தேதி நியூயார்க் நகரில் விமானத் தாக்குதல் நடந்ததே, அதை ஒட்டிச் சில நாள் கப்பல் போக்குவரத்து மிகவும் குறைந்துபோயிற்று. கடலுக்கு அடியில் அமைதி உண்டாயிற்று. தற்செயலாக அந்த நாட்களில் விஞ்ஞானிகள் திமிங்கிலச் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சோதித்தபோது, கலக்கத்தைக் காட்டும் பொருள்கள் குறைந்திருந்தன. இந்த ஆராய்ச்சி 2012-ல் வெளிவந்தது. உலகமே கலங்கியிருந்த வாரத்தில் திமிங்கிலங்கள் மட்டும் நிம்மதியாக இருந்தன!

இன்னொரு ஆபத்தையும் சொல்லவேண்டும். நார்வால் நேரத்துக்கு வரவேண்டும், நேரத்துக்குப் போகவேண்டும். தாமதித்தால் பனிக்கட்டி மூடிக்கொள்ளும். மூச்சு விட வழி இராது. 2008-ம் ஆண்டு நவம்பரில் பாண்ட் இன்லெட் அருகே 600-க்கும் மேற்பட்ட நார்வால்கள் அப்படி மாட்டிக்கொண்டன. தப்ப வழி இல்லாததால் ஊர்க்காரர்கள் அவற்றை வேட்டையாட அனுமதிக்கப்பட்டது. தாதுக் கப்பல் வருவதற்கு முந்திய சம்பவம் இது. சத்தம் வழியை மறித்துப் பயணத்தைத் தாமதப்படுத்தினால் இத்தகைய விபத்து கூடும் என்று விஞ்ஞானிகள் சிலர் எச்சரிக்கிறார்கள்.

விமானத் தளத்தில் மறியல்

60 லட்சம் டன் போதாது என்றது கம்பெனி. சுமார் 110 கிலோமீட்டருக்கு ரெயில் பாதை போட்டு, 120 லட்சம் டன் ஏற்ற அனுமதி கேட்டது. அதாவது தாது இரண்டு மடங்கு. கப்பலும் ஏறத்தாழ அதற்குத் தக்கபடி.

2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். கடுங்குளிர். பாண்ட் இன்லெட், ஆர்க்டிக் பே ஊர்களைச் சேர்ந்த சில வேட்டைக்காரர்கள் பனி வண்டிகளில் புறப்பட்டுச் சுரங்கத்துக்கு வந்தார்கள். விமான ஓடுபாதையிலும் லாரிப் பாதையிலும் கூடாரம் அடித்து உட்கார்ந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வீடு திரும்ப முடியவில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் மறியல் நடந்தது. கோர்ட்டு உத்தரவு வந்தபின் கலைந்தார்கள்.

விசாரணை நாலு வருஷம் நடந்தது. 2022 மே மாதத்தில், நுனாவுட் பிரதேசத்தின் விசாரணை வாரியம், அனுமதி கொடுக்கவேண்டாம் என்று சிபாரிசு செய்தது. கடல் பிராணிகளுக்கும் அவற்றை நம்பிய மக்களுக்கும் ஏற்படும் தீங்கைத் தடுக்கமுடியாது என்று காரணம் சொன்னது. அனுமதி கிடைக்காவிட்டால் வேலை போகும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் கம்பெனி அறிவிப்பு அனுப்பியது. ஊர் இரண்டுபட்டது.

2022 நவம்பரில் மந்திரி டேன் வாண்டல் முடிவு சொன்னார்: 120 லட்சம் டன் திட்டம் நிராகரிக்கப்பட்டது!

ஆனால் 60 லட்சம் டன்னுக்கு அனுமதி கொடுத்தார். வேலையும் போகவில்லை, கப்பலும் இரட்டிக்கவில்லை. இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி என்று சொல்லலாம். நார்வாலுக்கு அது எந்தப் பாதி என்று தெரியவில்லை.

சரணாலயத்துக்குள் கப்பல் பாதை

வேடிக்கை என்னவென்றால், எக்லிப்ஸ் சவுண்ட் ஒரு சரணாலயத்துக்குள் இருக்கிறது! 2019 ஆகஸ்டில் கனடா அரசாங்கமும் இனுயிட் சங்கமும் ஒப்பந்தம் செய்து, தல்லுருடியுப் இமாங்கா என்ற பெயரில் 1 லட்சத்து 8 ஆயிரம் சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாப்புப் பகுதி ஆக்கின. அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டக்கூடாது. தாதுக் கப்பல் போகலாம்.

கப்பல் மெதுவாகப் போகவேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. 9 நாட், அதாவது மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். மெதுவாகப் போனால் குமிழி குறையும், சத்தம் குறையும். ஆனால் கடந்துபோக அதிக நேரம் ஆகும். கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து அனுப்பினால் நடுவில் அமைதி கிடைக்கும் என்பது ஒரு யோசனை. விசிறியின் வடிவத்தை மாற்றினால் சத்தம் குறையும் என்பது இன்னொன்று. சத்தத்தைக் குறைப்பதற்கான யோசனைகளைச் சர்வதேசக் கப்பல் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. 2023-ல் திருத்தியது. யோசனைதான், சட்டம் அல்ல.

துருவக் கடலில் பனி குறையக் குறையக் கப்பல் பெருகுகிறது. 2013-ம் ஆண்டில் வடதுருவக் கடலுக்குள் போன கப்பல்கள் சுமார் 1,300. பத்து ஆண்டில் அது சுமார் 1,780 ஆயிற்று. அவை ஓடிய மொத்த தூரமோ இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

இரும்புக் கம்பெனியின் கண் இப்போது தெற்கே திரும்பியிருக்கிறது. சுரங்கத்தில் இருந்து தெற்கே ஸ்டீன்ஸ்பி என்ற இடத்துக்குச் சுமார் 150 கிலோமீட்டர் ரெயில் பாதை போட்டு, அங்கே இருந்து ஆண்டுக்கு 180 லட்சம் டன் ஏற்றும் திட்டம் அது. இதற்கு 2012-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கடல், வால்ரஸ் என்ற கடல் யானைகளின் இருப்பிடம். 200 வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய வில்தலைத் திமிங்கிலங்கள் குட்டிகளோடு வரும் இடம்.

அந்தத் துறைமுகம் வந்தால், கப்பல் கோடையில் மட்டும் ஓடாது. பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதமும் ஓடும்.